தவளையின் மூன்றாவது பெடல்

என் கல்யாணம் எதனால் நின்றது என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், எனக்கென்ன. பையனைப் பிடிக்காமல் நின்ற கல்யாணம் உண்டு, பெண் ஓடிப்போய் நின்ற கல்யாணம் உண்டு. நான் பிறப்பதற்கு முன்னால் யாரோ மிதித்த ஒரு ஆக்சிலரேட்டரால் நின்ற கல்யாணம் உலகத்திலேயே என்னுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

நாங்கள் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறோம். முன்னால் ஒரே ஒரு அறை, அதுதான் ஆபீஸ். சுவரில் சாலைக் குறியீடுகளின் படம் ஒன்று தொங்கும். வெயில் பட்டுப் பட்டு அதில் 'நில்' என்கிற குறி ரோஜா நிறமாகிவிட்டது. மேஜைமேல் பாதியாக அறுத்த கியர் பெட்டி ஒன்று, புதிதாக வருகிறவர்களுக்கு வயிற்றைக் கலக்குவதற்காகவே இருக்கும். பின்னால் மைதானம். மைதானத்தைச் சுற்றி வெள்ளையடித்த தகர டிரம்கள். அதற்கும் பின்னால் ஒரு ஷெட். ஷெட்டுக்குள் அப்பா. ஸ்கூலுக்கு முதலாளிகள் அம்மாவும் பெரியம்மாவும். சொல்லிக்கொடுப்பது நான். அப்பா மெக்கானிக். கல்யாணத்துக்கு முன்னாலும் இங்கே மெக்கானிக்தான், இப்போதும் மெக்கானிக்தான். பெரியம்மாவை இன்றுவரை 'மேடம்' என்றுதான் கூப்பிடுவார். அவளும் அவரை 'மெக்கானிக்' என்பாள், ஏதோ பட்டம் கொடுப்பதுபோல.

கற்றுக்கொடுக்கிற வண்டியில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். அங்கே உட்காருகிறவள் ஜன்னல் வழியே சும்மா வேடிக்கை பார்ப்பதுபோலத் தெரியும். கால் மட்டும் பிரேக்கின்மேல் தூங்காமல் இருக்கும். ஓட்டுகிறவர் தானேதான் சரியான இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டதாக நினைத்துப் பூரித்துப்போவார். அந்தப் பூரிப்பைக் கெடுக்கக் கூடாது என்பது எங்கள் தொழில் தர்மம்.

தவளை என்பது எங்களுடைய முதல் வண்டி. பச்சை நிறம். கிளட்சைச் சட்டென்று விட்டால் ஒரு குதி குதித்து நின்றுவிடும், அதனால் அந்தப் பெயர். இப்போது அதில் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஆனால் வீட்டில் எந்த முடிவெடுத்தாலும் தவளையில்தான் எடுக்க வேண்டும். அம்மா ஸ்டியரிங்கில், பெரியம்மா பக்கத்தில். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது கேள்வியைக் கேட்க வேண்டும். இரண்டு பேருக்கும் சம்மதம் என்றால் இரண்டு பேரும் பிரேக்கிலிருந்து காலை எடுப்பார்கள், வண்டி மைதானத்தை ஒரு சுற்று சுற்றி வரும். ஒருத்திக்குச் சம்மதமில்லை என்றாலும் கால் பிரேக்கிலேயே இருக்கும், வண்டி நகராது, பேச்சு முடிந்தது. இரண்டாவது வண்டி வாங்கியது அப்படித்தான். நான் காலேஜை விட்டுவிட்டு இங்கேயே வந்து சேர்ந்தது அப்படித்தான். அப்பா மீசை வைத்துக்கொள்ளலாமா என்பதற்குக்கூட ஒரு மத்தியானம் முழுக்க என்ஜின் ஓடியது. பெரியம்மா காலை எடுக்கவே இல்லை. அப்பாவுக்கு இன்னும் மீசை இல்லை.

சரி, மாப்பிள்ளைக்கு வருகிறேன். அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாற்று வாத்தியார். என்னிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தார், வந்துகொண்டே இருந்தார். லைசென்ஸ் டெஸ்டில் தோற்றுத் தோற்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. மனுஷனுக்குப் பழைய கட்டடம் எதையாவது பார்த்தால் கால் தானாகத் தளர்ந்துவிடும், வண்டி ஊர்ந்துபோகும். 'டீச்சர்' என்று என்னைக் கூப்பிடுவார். நான் அவரை 'சார்' என்பேன். ஒருநாள் சிக்னலில் நிற்கும்போது, முன்னால் குறுக்கே போகிற லாரியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"டீச்சர், உங்களைக் கட்டிக்கலாமான்னு யோசிக்கிறேன்."

"சிக்னலைப் பாருங்க சார். பச்சை விழுந்தாச்சு."

"விழுந்தாச்சு. வண்டிதான் போக மாட்டேங்குது."

எப்படிப் போகும்? என் கால் பிரேக்கை நசுக்கிக்கொண்டிருந்தது. பின்னால் ஹாரன் கிழிகிறது. எனக்குக் கையும் ஓடவில்லை, அந்தக் காலும் நகரவில்லை.

"காலை எடுங்க டீச்சர், ஊரே திட்டுது."

"இருங்க சார், யோசிக்க விடுங்க!"

"யோசிங்க, யோசிங்க. அவசரமில்ல," என்றார். பின்னாலிருந்த பஸ்காரர் கீழே இறங்கி வந்துகொண்டிருந்தார்.

அவர் ஜன்னலைத் தட்டுவதற்கு முன்னால் "சரி" என்றேன். காலை எடுத்தேன். வண்டி நாலடி குதித்து நின்றுபோனது. வாத்தியாருக்கு வாயெல்லாம் பல்.

வீட்டில் சொன்னேன். யாராவது எதிர்த்திருந்தால்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும். அம்மா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பெரியம்மா, "அவனுக்குப் பிரேக் போடத் தெரியுமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அது ஒண்ணுதான் பெரியம்மா தெரியும்," என்றேன். "அது போதும்," என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். பெரியம்மா எழுந்து சாவியை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள்.

"எடுடி தவளையை. ஒரு சுற்று போயிட்டு வந்துடலாம்."

அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"கல்யாணப் பேச்சுக்கு நான் அந்த வண்டியில ஏற மாட்டேன்."

"ஏன்?"

"ஏன்னு உனக்குத் தெரியாதாக்கா?"

தெரியும். எங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் அதற்கு 'முதல் சுற்று' என்று பெயர். வீட்டு வரலாற்றிலேயே மிகப் பெரிய தகராறு அதுதான்.

அப்போது ஸ்கூல் ஆரம்பித்த புதிது. முதல் மாணவியே அம்மாதான். தவளையில் அம்மா ஓட்டுகிறாள், பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறாள். அந்தக் காலத்தில் பெரியம்மா பக்கத்தில் பெடல் இரண்டு இல்லை, மூன்று. ஆக்சிலரேட்டரும் ஒன்று வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று புதிதாக ஒன்றை வைக்கச் சொல்லியிருந்தாள். அன்றைக்கு மைதானத்தைச் சுற்றும்போது, "மெக்கானிக்கைக் கட்டிக்கிறியாடி?" என்று கேட்டாள். அம்மா பதில் சொல்லவில்லை. பெரியம்மா ஆக்சிலரேட்டரை மிதித்தாள். வண்டி பறந்தது. மூன்றாவது டிரம் முகத்துக்கு நேராக வந்தபோது அம்மா "சரி!" என்று கத்தினாள். இதுவரை இரண்டு பேரும் ஒத்துக்கொள்கிறார்கள்.

இதற்கப்புறம்தான் கூத்து.

பெரியம்மா சொல்வது: "அவ சிரிச்சுக்கிட்டே சரின்னா. அவளுக்கு ஆசை. வண்டில எந்தக் கோளாறும் இல்லாம தினம் மெக்கானிக்கைக் கூப்பிடுவா, 'ஏதோ சத்தம் வருது'ன்னு. நான் மிதிச்சது ஒரு விளையாட்டுக்கு."

அம்மா சொல்வது: "உயிர் போற நேரத்துல யார் என்ன கேட்டாலும் சரின்னுதான் சொல்லுவாங்க. பூனையைக் கட்டிக்கிறியான்னு கேட்டிருந்தாலும் சரின்னிருப்பேன்."

இது ஒவ்வொரு வருஷமும் அவர்களுடைய கல்யாண நாளில் ஒருமுறை வரும், நடுவில் இஷ்டப்பட்டபோதெல்லாம் வரும். வரும்போதெல்லாம் அப்பா மெதுவாக எழுந்து ஷெட்டுக்குப் போய்விடுவார். பாவம் மனுஷன், எவ்வளவு புண்படுகிறாரோ என்று எனக்கு அழுகையே வரும். பூனைக்குச் சமமாகச் சொன்னால் யாருக்குத்தான் வலிக்காது? நானோ அந்தச் 'சரி'க்குப் பிறந்தவள். அது நிஜமான சரியா, பயந்த சரியா என்று எனக்கும் தெரிந்தால் தேவலை.

ஆக, பெரியம்மா சொல்லிவிட்டாள்: சுற்று போகாமல் பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட மாட்டேன். சுற்றுக்கு முன்னால் தங்கச்சி, 'என்னை யாரும் கட்டாயப்படுத்தல'ன்னு வாயைத் திறந்து சொல்லணும். அம்மாவும் சொல்லிவிட்டாள்: கட்டாயப்படுத்தினேன்னு அக்கா ஒத்துக்கட்டும், அப்ப ஏறுறேன். பதிவு அலுவலகத்தில் வெள்ளிக்கிழமைக்கு நேரம் வாங்கியாகிவிட்டது. வாத்தியார் புதுச் சட்டையும் வாங்கிவிட்டார்.

நீங்கள் கேட்கலாம், அவர்களை விட்டுவிட்டு நீயும் வாத்தியாரும் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டியதுதானே என்று. வண்டி கற்றுக்கொள்ள வருகிற எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். முடியாது. எனக்கு நடக்கக் கற்றுக்கொடுத்தது அம்மா, ஓட்டக் கற்றுக்கொடுத்தது பெரியம்மா. பெரியம்மாவுக்கு வேறு குடும்பம் கிடையாது, நாங்கள்தான். இரண்டில் ஒருத்தி வராமல் நான் பதிவு அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தால் வாழ்நாள் முழுக்க எனக்கு அது உறுத்தும். எனக்கு இரண்டு பேரும் வேண்டும், இரண்டு பேரும் முழு மனசோடு வேண்டும். பேராசைதான். இருந்துவிட்டுப் போகட்டும்.

வாத்தியார் தைரியமாகச் சொன்னார்: "டீச்சர், இது என்னோட பாடம். என்கிட்ட விடுங்க."

விட்டேன். புத்திகெட்டுப்போய் விட்டேன். மனுஷன் ஆபீஸ் அறையில் பெரியம்மாவை உட்காரவைத்துத் தனியாக விசாரித்தார். அப்புறம் அம்மாவைத் தனியாக. காற்று எந்தப் பக்கம் அடித்தது, ஜன்னல் திறந்திருந்ததா, 'சரி' என்று ஒருமுறை சொன்னார்களா இருமுறையா. கடைசியில் இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைத்து, அந்த அறுத்த கியர் பெட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"நல்லா யோசிச்சுப் பார்த்தா, ரெண்டு பேர் சொல்றதும் உண்மையா இருக்கலாம்."

"அப்ப நான் பொய் சொல்றேனா?" இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"ஐயோ, இல்லைங்க, ரெண்டும் உண்மைன்னுதான்..."

"எதையும் முழுசா நம்பாதவனுக்குத்தான் ரெண்டும் உண்மை," என்றாள் பெரியம்மா.

"சரியாச் சொன்னேக்கா," என்றாள் அம்மா.

அந்த வாரத்தில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். வாத்தியார் வெளியே வந்து என்னிடம், "ஒரு முன்னேற்றம் இருக்கு டீச்சர்," என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவரை ரிவர்ஸ் எடுக்கச் சொல்லி மைதானத்தில் வெயிலில் விட்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் எனக்குப் பொறுமை போய்விட்டது. எனக்குப் பொறுமை என்று ஒன்று இருந்ததா என்று அப்பா கேட்பார், அது வேறு. தவளையை மைதானத்தில் கொண்டுவந்து நிறுத்தி என்ஜினை ஓடவிட்டேன். தவளைக்கு ஒரு குணம் உண்டு. பக்கத்து இருக்கைக் கதவும் பின்கதவுகளும் வெளியிலிருந்துதான் திறக்கும், உள்ளே கைப்பிடியெல்லாம் எப்போதோ கழன்று விழுந்துவிட்டது. ஜன்னல் பாதிக்குமேல் இறங்காது. ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவு ஒன்றுதான் உள்ளிருந்து திறக்கும்.

"அம்மா, இந்த வண்டில ஏதோ சத்தம் வருது. கொஞ்சம் உட்கார்ந்து கேளேன்," என்றேன். அம்மா ஸ்டியரிங்கில் ஏறினாள். "பெரியம்மா, அம்மாவுக்குக் காது கேக்கலையாம்." பெரியம்மா பக்கத்தில் ஏறினாள். வகுப்புக்கு வந்திருந்த வாத்தியாரும் "என்ன சத்தம்?" என்று பின்னால் ஏறிக்கொண்டார். அவரை யார் கூப்பிட்டது? பின்கதவைச் சாத்தினேன், பெரியம்மா பக்கக் கதவைச் சாத்தினேன், ஓடிவந்து அம்மா பக்கக் கதவில் முதுகைக் கொடுத்துச் சாய்ந்து நின்றேன்.

"முடிவு சொல்லாம யாரும் இறங்க முடியாது!"

"இது அநியாயம்!" அம்மா உள்ளேயிருந்து கதவைத் தள்ளினாள். "கட்டாயப்படுத்துறே!"

"ஆமா, கட்டாயப்படுத்துறேன்! பரம்பரைப் பழக்கம்!"

சத்தம் கேட்டு, ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்கள் எல்லோரும் டிரம்களைத் தாண்டி வந்து சுற்றி நின்றார்கள். வந்த உடனே கட்சியும் பிரிந்துவிட்டது. தையல் கடை அக்கா அம்மா பக்கம். மருந்துக்கடைக்காரர் பெரியம்மா பக்கம். ஷெட்டிலிருந்து அப்பாவும் கையைத் துணியில் துடைத்தபடி வந்தார். விஷயம் என்னவென்று பார்த்ததும், வந்த வழியே திரும்பினார்.

"சொல்லுடி," பெரியம்மா அம்மாவின் முழங்கையைப் பிடித்தாள். "சந்தோஷமாத்தான் சரின்னேன்னு சொல்லு. ஒரே ஒரு வார்த்தை. சொல்லிடு, காலை எடுத்துடறேன்."

"சொல்ல மாட்டேன்."

"சொல்லித்தான் ஆகணும்!"

வாத்தியார் இரண்டு இருக்கைக்கும் நடுவில் தலையை நீட்டினார். "பெரியம்மா, கட்டாயப்படுத்தி, 'என்னை யாரும் கட்டாயப்படுத்தல'ன்னு சொல்லவச்சா அது செல்லாதுங்க."

"நீ சும்மா இரு. இன்னும் மாப்பிள்ளை ஆகல."

அவர் சும்மா இருக்கவில்லை, குனிந்து பெரியம்மாவின் காலடியைப் பார்த்தார். பழைய கட்டடத்தைப் பார்க்கிற அதே பார்வை.

"இங்க ரெண்டு பெடல்தானே இருக்கு. நீங்க மிதிச்ச மூணாவது எங்க?"

"அதை அன்னிக்கு சாயங்காலமே கழட்டிட்டாரு மெக்கானிக். ஆபத்துன்னாரு."

"மாட்டினது யாரு?"

"அவரேதான். நான் சொல்லித்தான் மாட்டினாரு."

"அப்ப நாம விசாரிக்க வேண்டிய ஆளை இன்னும் விசாரிக்கவே இல்லையே!" என்றார் வாத்தியார். பாதி ஜன்னல் வழியே கையை வெளியே நீட்டி, "மாமா!" என்று கூவினார்.

அப்பா ஷெட் வாசலை எட்டியிருந்தார். "அப்பா, நில்லுங்க!" என்றேன் நானும். கதவை விட்டு நகர முடியாது, அதனால் கத்தினேன். கூட்டம் அவருக்கு வழிவிட்டு, அப்படியே பின்னால் நெருக்கிக்கொண்டு அவரை வண்டியண்டை கொண்டுவந்து சேர்த்தது.

"மாமா, அந்த மூணாவது பெடல் நல்லா வேலை செஞ்சுதா?"

"எதுக்கு இப்ப அதெல்லாம்?" அப்பா ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஸ்பேனரைத் துடைத்தார்.

"மிதிச்சா வேகம் கூடுச்சா?"

அப்பா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், தவளையைப் பார்த்தார். அவருக்குப் பொய் வராது. வராததால்தான் அத்தனை தடவை ஷெட்டுக்குள் போயிருக்கிறார் என்று இப்போது புரிகிறது.

"எப்படிக் கூடும்?" என்றார் மெதுவாக. "நான்தான் கம்பியே மாட்டலையே."

தவளையின் என்ஜின் மட்டும் லொடலொடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன கம்பி?" என்றாள் பெரியம்மா.

"பெடல்லேர்ந்து என்ஜினுக்குப் போற கம்பி, மேடம். அது இல்லாம பெடலை எவ்வளவு மிதிச்சாலும் ஒண்ணும் ஆகாது. நீங்க பெடல் போடுன்னீங்க, சரின்னேன். முடியாதுன்னு உங்ககிட்ட சொல்ற தைரியம் எனக்கு அப்ப இல்ல. இப்பவும் இல்ல. ஆனா கத்துக்கிற பொண்ணு ஓட்டும்போது பக்கத்துல ஒருத்தர் ஆக்சிலரேட்டரை மிதிச்சா என்ன ஆகும்? அதுவும் ஓட்டுறது..." அம்மா பக்கம் பார்த்துவிட்டுச் சட்டென்று குனிந்துகொண்டார். "அதனால பெடலை மட்டும் திருகி வச்சேன். கம்பியை மாட்டல."

"அப்ப நான் அன்னிக்கு மிதிச்சது?"

"சும்மா மிதிச்சீங்க மேடம்."

"வண்டி பறந்துச்சே!"

அப்பா மறுபடி ஸ்பேனரைத் துடைத்தார். பெரியம்மா மெதுவாகத் திரும்பினாள். வாத்தியாரின் தலை திரும்பியது. தையல் கடை அக்கா, மருந்துக்கடைக்காரர், நான், எல்லோரும் ஜன்னல் வழியே ஒரே இடத்தைப் பார்த்தோம். அம்மா தன் வலது காலை இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். அவள் முகம் காதுவரை சிவந்துபோயிருந்தது.

மைதானமே 'ஓ'வென்று கத்தியது. மருந்துக்கடைக்காரர் விசிலடித்தார்.

"அடிப்பாவி," என்றாள் பெரியம்மா. "நீயா?"

"எனக்கென்ன தெரியும்? நீயும் மிதிக்கிறேன்னுதான் நினைச்சேன்!"

"நீயும்னா? அப்ப நீ மிதிச்சது உனக்குத் தெரியும்?"

"என் கால் எனக்குத் தெரியாதா?" அம்மா வெடித்துவிட்டாள். "மிதிச்சேன்! நல்லா அழுத்தி மிதிச்சேன்! நீ அந்தப் பேரை எடுத்ததுமே என் கால் நிக்கல. போதுமா?"

"பின்னே எதுக்குடி இத்தனை வருஷமா என்மேல பழி போட்டே?"

அம்மா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் சின்னக் குரலில் சொன்னாள்.

"அதுக்கு முதல் நாள்தானேக்கா உன்கிட்ட வீராப்பாச் சொன்னேன். எனக்குக் கல்யாணமே வேண்டாம், நீயும் நானும் சேர்ந்து ஸ்கூல் நடத்தலாம்னு. நீ எவ்வளவு சந்தோஷப்பட்டே. மறுநாளே ஒருத்தனைப் பார்த்துப் பல்லைக் காட்டிட்டு உன்னை விட்டுட்டுப் போனா நீ என்ன நினைப்பே? அதான், நீ தள்ளிவிட்டதா இருக்கட்டும்னு விட்டுட்டேன். நானா உன்னை விட்டுட்டுப் போனேன்னு இருக்கக் கூடாது."

பெரியம்மா அழுவாள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. டெஸ்ட் எடுக்கிற அதிகாரியையே அழவைத்தவள் அவள். இப்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டு அம்மாவின் தோளில் ஒன்று வைத்தாள், நன்றாகவே வைத்தாள்.

"பைத்தியமே! நான் உன்னைப் பிடிச்சுத் தள்ளிட்டேனோன்னு எத்தனை நாள் தூங்காம கிடந்திருக்கேன் தெரியுமா? நீ தலைவலின்னு படுத்தாக்கூட, நம்மாலதானோ, இவளுக்கு இந்த வாழ்க்கை பிடிக்கலையோன்னு உன் முகத்தையே பார்த்துட்டு உட்கார்ந்திருப்பேன்டி. அதுக்குத்தான் சொல்லு சொல்லுன்னு கெஞ்சினேன். உன் வாயால ஒருதடவை கேட்டுட்டாப் போதும்னு."

"நீ எங்கே கெஞ்சினே? மிரட்டினே."

"எனக்குக் கெஞ்ச வராதுடி!"

அதற்குப்பிறகு இரண்டு பேரும் அழுதார்களா சிரித்தார்களா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. வாத்தியாரைக் கேளுங்கள், இரண்டும் உண்மை என்பார். வண்டி குலுங்கியது, அது மட்டும் நிச்சயம்.

எனக்கு இன்னொரு கணக்குத் தீர்க்க வேண்டியிருந்தது. அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"ஏம்ப்பா, உங்களுக்கு எல்லாம் தெரியும். பூனை அளவுக்குப் பேசினாங்களே, அப்பகூட வாயைத் திறக்கலையே. உங்களுக்கு எவ்வளவு வலிச்சிருக்கும்னு நான் அழுதிருக்கேன்!"

"வலியா?" அப்பா ஆச்சரியப்பட்டார். "உங்கம்மா ஒவ்வொரு தடவை 'என்னைக் கட்டாயப்படுத்தினாங்க'ன்னு கோவமாச் சொல்லும்போதும் எனக்குச் சிரிப்பு தாங்காது. அதான் ஷெட்டுக்கு ஓடிப்போய்த் தனியாச் சிரிச்சுட்டு வருவேன். அந்த வண்டி எவ்வளவு வேகமாப் போச்சுன்னு நான் இங்கேர்ந்து பார்த்தவன்மா. எனக்கு அது போதாதா?"

அந்த நேரத்தில் எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. கதவில் சாய்ந்திருந்ததை மறந்து அப்பாவைக் கட்டிக்கொண்டேன். கதவு திறந்துகொண்டது. அம்மா இறங்கினாள். ஓடவில்லை. வண்டியைச் சுற்றிப் போய்ப் பெரியம்மா பக்கக் கதவைத் திறந்தாள்.

"அக்கா, நீ பின்னாடி போய் உட்காரு."

"முறை அது இல்லையே. நீ ஸ்டியரிங், நான்..."

"இது நம்ம சுற்று இல்ல. அவளோடது. அவ ஓட்டட்டும்."

பெரியம்மா முனகிக்கொண்டே பின்னால் போனாள். அப்பாவும் பின்னால் ஏறினார். நடுவில் வாத்தியார் அப்பளம் மாதிரி நசுங்கினார். நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன். அம்மா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் தூக்கி இருக்கையின்மேல் மடித்து வைத்துச் சம்மணம் போட்டுக்கொண்டாள்.

"அம்மா, காலைக் கீழே வை. பிரேக் யார் போடுறது?"

"நீதான்."

"கீழே வைம்மா, எனக்குப் பயமா இருக்கு."

"வைக்க மாட்டேன். எந்தக் காலும் உன்னைத் தள்ளவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. ஓட்டுடி."

பின்னால் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் பெரியம்மாவும் இரண்டு காலையும் தூக்கி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் பெடலே கிடையாது. இருந்தாலும் தூக்கிக்கொண்டாள். அதைப் பார்த்து அப்பாவும் தூக்கினார். வாத்தியாருக்குத் தூக்க இடமில்லை, முழங்காலை மூக்குவரை கொண்டுவந்து நிறுத்திக்கொண்டார்.

"கேக்கறேன்," என்றாள் பெரியம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வாத்தியாரைக் கட்டிக்கிறியா?"

இத்தனை வருஷம் எத்தனையோ பேருக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள் நான். கிளட்சைச் சட்டென்று விட்டேன். தவளை ஒரு குதி குதித்து நின்றுபோனது. மைதானம் முழுக்கச் சிரித்தது. மருந்துக்கடைக்காரர் "கிளட்ச், கிளட்ச்!" என்று எனக்கே பாடம் எடுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஸ்டார்ட் செய்தேன், கிளட்சை மெதுவாக விட்டேன், நகர்ந்தது. முதல் டிரம் போனது. இரண்டாவது போனது.

"அவரையும் கேளுங்க பெரியம்மா! என்னை மட்டும் கேட்டா எப்படி?"

"சரிங்க!" என்றார் வாத்தியார் யாரும் கேட்பதற்கு முன்னால். அவர் குரல் நடுங்கியது.

"பயத்துல சொல்றீங்களா சார்?"

"பயம் இருக்கு டீச்சர். ஆனா பதில் அதனால இல்ல."

மூன்றாவது டிரம் முகத்துக்கு நேராக வந்தது. பக்கத்தில் பார்த்தேன். அம்மாவின் கால் மடியிலேயே இருந்தது, இரண்டு பாதங்களையும் கையால் பிடித்து வைத்திருந்தாள். காற்று பாதி ஜன்னல் வழியே பிய்த்துக்கொண்டு அடித்தது.

"சரி!" என்று கத்தினேன். "சரி, சரி, சரி!"

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். பெரியம்மா கைதட்டினாள். பின்னாலிருந்து அப்பா என் தோளைத் தொட்டார்.

"மெதுவாப் போம்மா. உன் பெடலுக்குக் கம்பியை நான் ஒழுங்காத்தான் மாட்டியிருக்கேன்."